அந்த மீன் வாடை எங்கிருந்து வந்தது?

செட்டிநாட்டில் பள்ளத்தூர் பக்கம் பூர்விக வீடு உள்ள ஆச்சி ஒருவர் சென்னையிலிருந்து எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, எங்கள் வீடு ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு பங்காளிக் குடும்பத்துக்கு, பொது. வருடத்தில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கும். கார்த்திகைக்கு முதல் நாள் ராத்திரி முப்பது பேர் வந்து இறங்கினோம். ஒரே மழை, குளிர். காலையில் குளிக்க வெந்நீர் வேண்டுமென்று இரண்டாங்கட்டில் (வீட்டின் இரண்டாவது பகுதியில்) ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டு ஹீட்டர் ராடு போட்டோம். காலையிலிருந்தே ஒரு மாதிரி மீன் வாடை. கார்த்திகை விரதத்தன்று மீன் ஏது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோமே தவிர யாரும் தேடிப் பார்க்கவில்லை. பதினோரு மணிக்குச் சாமான் அறைச் சுவரில் தீ. அண்ணன் மகன் குடத்துத் தண்ணீரை அள்ளி வீசினான். தீயணைப்பு வண்டி வந்து அணைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. சாமான் அறை போயிற்று, இரண்டு தேக்குத் தூண் கருகிவிட்டது, வளவுச் சுவர் (நடு முற்றத்தைச் சுற்றிய சுவர்) முழுக்கக் கரி. ஐயா காலத்து ஏடுகளும் இசைகுடிமானப் (கல்யாண ஒப்பந்த) பத்திரங்களும் நனைந்து கிடக்கின்றன. இன்னும் இரண்டு வாரத்தில் பிள்ளையார் நோன்புக்குத் திரும்ப எல்லோரும் வருகிறோம். அப்பத்தாவுக்கு எண்பத்திரண்டு வயது, ராத்திரி குமுட்டி அடுப்பில் கங்கு போட்டு அறையில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை."

அன்புள்ள ஆச்சிக்கு,

உயிருக்கு ஒன்றும் இல்லை என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனம் வந்தது. தீயணைப்புத் துறையில் இருந்த காலத்தில் உங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றுக்குள் குழாயோடு போயிருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள் அல்லவா, அந்த மீன் வாடையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அது மின்சாரத்தின் வாடை. பிளக்கு, சுவிட்சு, வயர் உறை இவற்றில் இருக்கும் சிலவகை பிளாஸ்டிக்கும் பேக்கலைட்டும் சூடேறி வேகும்போது மீன் கவிச்சி போலவோ மூத்திர வாடை போலவோ ஒரு நாற்றம் வரும். புகை வருவதற்கு முன்னால், சில சமயம் மணிக்கணக்கில் முன்னால், அந்த வாடை வந்துவிடும். உங்கள் வீட்டில் காலை முழுக்க அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இது உங்கள் குற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், யாரும் யாருக்கும் இதைச் சொல்லித் தருவதில்லை. இனிமேல் சமையலில் மீன் இல்லாத நேரத்தில் மீன் வாடை வந்தால் மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பிளக்காகப் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். நோன்புக்கு வரும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். 1,500 வாட் ராடு இரண்டு என்றால் 3,000 வாட். நம் 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் செருகியிருந்த சின்ன பிளக்கு 6 ஆம்பியருக்கானது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். அந்தச் சூடும் மரக் கேசிங்குக்குள் போகும் பழைய வயரில், காற்றுப் படாமல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு முதன்முதலாகக் கரண்டு இழுத்தபோது போட்ட, துணி சுற்றிய ரப்பர் வயர் ஏதாவது ஒரு கட்டில் இன்னும் மிச்சம் இருக்கும். அதைக் கையால் வளைத்தால் ரப்பர் முறுக்குப் போல உடைந்து உதிரும். எலியும் அணிலும் பாதி தின்றிருக்கும். ஐப்பசி மழையில் சுவர் வேறு ஊறியிருக்கும்.

இவ்வளவு சுமை ஏறினால் ஃபியூஸ் போயிருக்க வேண்டுமே என்று நினைப்பீர்கள். முகப்பில் இருக்கும் ஃபியூஸ் கட்டையை, மெயினை அணைத்துவிட்டு, வெளியே இழுத்துப் பாருங்கள். நூல் மாதிரி மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் வயரிலிருந்து உரித்த நாலைந்து செம்பு இழைகளை முறுக்கிக் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வீடு பார்த்துக்கொள்பவர் அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று நல்லெண்ணத்தில் செய்திருப்பார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் என்ன அர்த்தம் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. பத்து மாதம் தூங்கிய வீட்டை ஒரே ராத்திரியில் எழுப்பி, விடிவதற்குள் முப்பது பேருடைய சுமையை அதன் தலையில் ஏற்றிவிட்டீர்கள். ஃபேன், மோட்டார், கிரைண்டர், ஃப்ரிட்ஜ், செல்போன் சார்ஜர், சீரியல் விளக்கு, அதற்கு மேல் ஹீட்டர். செட்டிநாட்டில் மழைக்காலத்திலும் மார்கழியிலும் நான் பார்த்த மின் தீயில் பல, வீடு திறந்த முதல் இரண்டு நாளுக்குள் பிடித்தவை. அதனால் நோன்புக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஒருவர் போகட்டும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போகட்டும். மெகர் வைத்து ஒவ்வொரு கட்டுக்கும் வயரின் இன்சுலேஷனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தேறாத கட்டின் இணைப்பை அங்கேயே துண்டித்துவிடட்டும். நோன்புக்கு இரண்டாங்கட்டு இருட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும், பெட்ரோமாக்ஸ் காலத்திலும் நோன்பு நடந்ததுதானே.

முழு வீட்டுக்கும் வயர் மாற்றுவதை ஏழு புள்ளியும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், இரண்டு வாரத்தில் நடக்காது. மாற்றும்போது விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஹீட்டர், ஏசி மாதிரியானவற்றுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் தனித்தனியாக இழுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளியின் அறைக்கும் தனி எம்சிபி (சுமை மீறினால் தானே விழும் சுவிட்சு), எல்லாவற்றுக்கும் மேலே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் துண்டிக்கும் சுவிட்சு). ஊருக்குத் திரும்பும்போது அவரவர் எம்சிபியைக் கீழே இறக்கிவிட்டுப் போகலாம். ஆள் இல்லாத அறையில் கரண்டுக்கு என்ன வேலை?

வெந்நீருக்கு ஹீட்டர் ராடே வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீர் குறைந்தாலும் அதுவாக அணையாது. பிளாஸ்டிக் வாளியை உருக்கிவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஷாக் பயமும் உண்டு. உங்கள் வீட்டில் எங்காவது ஒரு பழைய செப்பு பாய்லர் இருக்காமல் போகாது. ஈயம் பூசவேண்டியிருந்தால் பூசி, மூன்றாங்கட்டு முற்றத்தில், திறந்த வானத்துக்குக் கீழே வையுங்கள். தேங்காய் மட்டை போட்டால் முப்பது பேருக்கும் வெந்நீர் வந்துகொண்டே இருக்கும். மட்டைக் குவியல் மட்டும் நாலு எட்டு தள்ளியே இருக்கட்டும்.

இப்போது அப்பத்தா. ஆச்சி, எனக்கு உங்கள் கடிதத்தில் சாமான் அறையை விட அதிகப் பயம் தந்தது அந்தக் குமுட்டி அடுப்புதான். வளவைச் சுற்றி இருக்கும் அந்த அறைகளில் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது, கதவு மட்டும்தான். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கங்கு வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடை இல்லை, நிறம் இல்லை, இருமலும் வராது. லேசாகத் தலை கனக்கும், தூக்கம் இன்னும் அழுத்தும், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. நீறு பூத்துவிட்டது, தீ இல்லை என்று நினைக்கும் கங்கிலும் அது வந்துகொண்டுதான் இருக்கும். "இத்தனை வருஷமா வச்சுக்கிறேன், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். வாதம் பண்ண வேண்டாம். கம்பளிக் காலுறை, தலைக்குக் குல்லாய், ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிக் காலடியில் ஒன்று. கணப்பு வேண்டும் என்று அடம்பிடித்தால் சாயங்காலம் முற்றத்தில் கூட உட்கார்ந்து காயுங்கள். தூங்கப் போகுமுன் அடுப்பு முற்றத்திலேயே நின்றுவிட வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நோன்பைப் பற்றி. இருபத்தொரு இழைத் திரியை மாவில் வைத்து நெய்யில் ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் நேரத்தில் குழந்தைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். நைலான், பாலியெஸ்டர் சட்டை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அன்றைக்கு மட்டும் பருத்தி போடச் சொல்லுங்கள். தலைமுடியைப் பின்னிக் கட்டியிருக்கட்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு நனைத்த துண்டும். துணியில் தீ பிடித்தால் ஓடவிடாமல் தரையில் படுக்கவைத்து உருட்ட வேண்டும். சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள். பற்பசை, இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

கேஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழும். உங்கள் அடுப்படிக்கும் மற்ற கட்டுகளுக்கும் இருக்கும் உயரமான நிலைப்படி, தண்ணீரைத் தேக்குவது போல அதைத் தேக்கிவைக்கும். வெளியே வாடை குறைவாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, முன்வாசல் பின்வாசல் எல்லாவற்றையும் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். ரப்பர் குழாய் ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். பலகாரத்துக்கு ஆள் வைத்தால் பெரிய சிலிண்டர்கள் முற்றத்திலேயே நிற்கட்டும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் கூடாது. அடுப்பை அணைத்து, பெரிய தாம்பாளத்தால் மூடிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அண்ணன் மகன் தண்ணீர் வீசியது பற்றி. துணிச்சலான பிள்ளை. ஆனால் மெயினை அணைக்காமல் வீசியிருந்தால் அந்தத் தண்ணீர் வழியாகவே அவனுக்கு ஷாக் அடித்திருக்கக் கூடும். முதலில் மெயின், பிறகு 101 அல்லது 112, அதற்குப் பிறகுதான் தண்ணீர். இன்னொன்று, அந்த அறைக் கதவைச் சாத்துங்கள். உங்கள் வீடுகளில் முகப்பிலிருந்து பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வெயில் காலத்தில் காற்று வர எவ்வளவு நல்லதோ, தீ பிடித்தால் அவ்வளவு கெடுதல். அந்தக் காற்றுதான் ஒரு கட்டுத் தீயை அடுத்த கட்டுக்கு இழுத்துப் போகும். இரண்டு அங்குலக் கனமுள்ள தேக்குக் கதவு சாத்தியிருந்தால் நாங்கள் வந்து சேரும்வரை அது தீயைத் தாங்கி நிற்கும். அறையில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சாத்துங்கள்.

மழைக்கும் குரங்குக்கும் பயந்து வளவு முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டிருந்தால் கம்பி வலை மட்டும் வைத்துக்கொண்டு ஷீட்டை எடுத்துவிடச் சொல்வேன். புகை மேலே போக வழி இருந்தால்தான் முப்பது பேரும் நடந்து வெளியே வர முடியும். வெளியூரில் இருக்கும் பங்காளிகளின் பூட்டிய அறைச் சாவிகளும் பெயர் எழுதிய அட்டையோடு ஊரிலேயே ஒரு இடத்தில் இருக்கட்டும். பூட்டை உடைப்பதிலேயே பத்து நிமிடம் போன வீடுகள் எனக்குத் தெரியும்.

சரி, எரிந்த இடத்துக்கு வருவோம்.

முதலில் மச்சு, அதாவது மேல்தளம். பல வருடம் முன்பு ஒரு வீட்டில் சாயங்காலம் தீயை அணைத்துவிட்டுத் திரும்பினோம். விடியற்காலை நாலு மணிக்கு அதே வீட்டிலிருந்து திரும்ப அழைப்பு. உத்தரம் சுவருக்குள் போகும் முட்டில் ஒரு கங்கு ராத்திரி முழுக்கக் கனன்றுகொண்டே இருந்து, ஓட்டுக்குக் கீழே மரத்தைப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து பழைய தேக்கு வீடு என்றால் கை வைத்துப் பார்க்காமல் நான் திரும்பியதில்லை. உங்கள் வீட்டில் நாள் கடந்துவிட்டதால் கங்கு இருக்காது. ஆனால் சாமான் அறைக்கு மேல் இருக்கும் மச்சில் பொறியாளர் ஒருவர் ஏறிப் பார்க்காமல் யாரும் நடக்கக் கூடாது, கீழேயும் படுக்கக் கூடாது. தண்ணீரை உறிஞ்சிய சுண்ணாம்புக் காரை நல்ல கனம்.

தூண்களைப் பற்றி நீங்கள் நினைப்பதைவிட நல்ல செய்தி இருக்கலாம். கனமான தேக்கு நிமிடத்துக்குச் சுமார் அரை மில்லிமீட்டர்தான் கரியாகும். மேலே படியும் கரியே உள்மரத்துக்குப் போர்வை. இருபது நிமிடம் எரிந்த தூணில் ஒரு சென்டிமீட்டர் போயிருக்கும், உள்ளே பர்மாத் தேக்கு அப்படியே இருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். கரி, அதற்குக் கீழே மெல்லிய பழுப்புக் கோடு, அதற்கும் கீழே தேக்கின் பொன்னிறம் தெரிந்து அந்த எண்ணெய் வாசனையும் வந்தால் தூண் பிழைத்தது. கலர் பூசி மறைக்க வருபவரையும், மணலை அடித்துச் சுத்தம் செய்கிறேன் என்பவரையும் கிட்டே சேர்க்க வேண்டாம், வேலைப்பாடு போய்விடும். கல் தூண், இரும்பு கர்டர் இருந்தால் அவற்றைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். சுட்ட கருங்கல் தண்ணீர் பட்டதும் வெடிப்பு விடும், இரும்பு சூட்டில் வளையும்.

வளவுச் சுவர். தயவுசெய்து யாரும் தண்ணீரும் துணியுமாகக் கிளம்ப வேண்டாம். அகல் சுடரில் கரி பிடித்து விளக்கெண்ணெயில் குழைத்துக் கண்மை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் எரிந்த கரி அதேபோல எண்ணெய்ப் பசை உள்ளது. ஈரத்துணியால் தேய்த்தால் வெண்கருவும் கடுக்காயும் போட்டு இழைத்த அந்தப் பூச்சுக்குக் கண்மை தீட்டிய மாதிரி ஆகிவிடும், பிறகு எந்தக் காலத்திலும் போகாது. முதலில் வேக்குவம் கிளீனரின் வாயைச் சுவரில் படாமல் பிடித்து உறிஞ்சுங்கள். அடுத்து, கரி எடுப்பதற்கென்றே இருக்கும் உலர்ந்த ரப்பர் பஞ்சு, இணையத்தில் வாங்கலாம். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு, பஞ்சின் முகம் கறுத்ததும் அந்தப் பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு அடுத்த இழுப்பு. முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு கை அகலம் செய்து பாருங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் யாரும் தொட வேண்டாம். பாக்கியைச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் விடுங்கள். நோன்புக்குச் சுவர் அழகாக இருக்க வேண்டும் என்று எமல்ஷன் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு செதில் செதிலாக உதிரும், கரியும் மேலே கசியும். இந்த வருடம் கரிச் சுவரோடு நோன்பு நடக்கட்டும்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் ஆகாது. அது சிமெண்டில் வார்த்தது, ஆசிட் மேல் வண்ணத்தைத் தின்றுவிடும். உலர்வாகக் கூட்டி, உறிஞ்சி, பிறகு சோப்புத் தண்ணீரில் லேசாகத் துடைத்து, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய். உடைந்த கல்லை எறியாதீர்கள், அதே கோலத்தை ஆத்தங்குடியில் வார்க்கக் கொடுக்க ஒரு கல் மாதிரிக்கு வேண்டும்.

பித்தளை, வெண்கலச் சாமான்களை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பிவிசி வயர் எரிந்த புகையில் அமிலம் இருக்கிறது, நாளாக நாளாக உலோகத்தை அரிக்கும். நாளைக்கே சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள், எனாமல் தூக்குகளையும்தான். ஆனால் இதற்கெல்லாம் முன்னால், இன்ஷூரன்ஸ் இருந்தால், சர்வேயர் பார்க்கும்வரை எரிந்த எதையும் வெளியே எறியக் கூடாது. அறை அறையாகப் படம் எடுத்து, பொருள் பட்டியல் போடுங்கள். கம்பெனிக்கு இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றே எழுத்தில் சொல்லுங்கள். தீயணைப்பு நிலையத்தில் மனுக் கொடுத்தால் தீ விபத்து அறிக்கை தருவார்கள், காவல் நிலையத்திலும் பதிந்து வையுங்கள். பாலிசி யார் பெயரில் இருக்கிறது, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அதில் என்ன விதி என்பதையும் படித்துப் பாருங்கள். ஏழு புள்ளி வீட்டில் ஒரு புள்ளி மட்டும் எடுத்த பாலிசி பெரிய தலைவலியாக முடியலாம். அந்தக் கட்டுக்கு எலெக்ட்ரீஷியன் சோதித்து எழுதிக் கொடுக்கும்வரை கரண்டு கொடுக்காதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் (புகார் மையம்) எண் 94987 94987.

கடைசியாக ஏடுகளும் இசைகுடிமானமும். கடைசியில் சொல்கிறேனே தவிர, கடிதத்தைப் படித்து முடித்ததும் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். நனைந்த தாள் இரண்டு நாளிலேயே பூசணம் பிடிக்க ஆரம்பிக்கும், உங்களுக்கு ஏற்கெனவே நாள் கடந்துவிட்டது. வெயிலில் போடாதீர்கள், தாள் சுருண்டு மை வெளிறிவிடும். பட்டாசாலைக் கூடத்தில் நிழலில் ஃபேன் காற்றில், அங்கே கரண்டு சரியாக இருந்தால், விரித்து வையுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டில். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க முயல வேண்டாம். அவற்றை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பூசணம் நின்றுவிடும், ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவர் பிறகு நிதானமாகப் பிரிப்பார். விளிம்பு கருகிய தாளைக் கையால் எடுத்தால் உதிரும். கீழே ஒரு அட்டையை மெல்ல நுழைத்து அட்டையோடு தூக்குங்கள். ஓலை ஏடுகளை ஃப்ரீசரில் வைக்காமல் தனியே நிழலில், ஓலைக்கு ஓலை மெல்லிய பருத்தித் துணி கொடுத்து உலர விடுங்கள். காய்ந்த ஒவ்வொன்றையும் அன்றைக்கே செல்போனில் படம் எடுத்து ஏழு புள்ளிக்கும் அனுப்பிவிடுங்கள்.

அப்பத்தாவிடம் எந்தத் தாள் யாருடைய கல்யாணத்தது என்று கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், ஈரத் தாளில் மை பரவும்.